மூணு மணி முதல் நாலு மணி வரை

சாவி என்கிட்டதான் இருக்கும்மா. அந்தா, ஆணியில தொங்குது பாருங்க, பச்சைக் கயிறு கட்டினது. காட்டுறேன். அவசரம் ஒண்ணும் இல்லையே? உக்காருங்க முதல்ல. நல்ல வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க. கையில என்ன, கண்ணாடி வளையலா? நல்லாயிருக்கு. இப்பல்லாம் யாரு கண்ணாடி வளையல் போடுறா.

வீட்டுச் சொந்தக்காரர் கோயம்புத்தூர்ல இருக்காரு. யாராவது வந்தா நீங்களே திறந்து காட்டிருங்க டீச்சர்னு சொல்லிட்டாரு. முப்பத்திரண்டு வருஷம் நாலாங்கிளாஸ் எடுத்தவ நான். எப்சி டீச்சர்னா பாளையங்கோட்டையில இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இந்த வளவு அந்தக் காலத்து வளவு. ஒரே வாசல், உள்ளே எட்டு வீடு, நடுவுல ஒரு குழாய். ஆனா பகல்ல ஈ காக்கா இருக்காது. எல்லாரும் வேலைக்குப் போறவங்க. நான் மட்டும்தான் இருப்பேன். அப்புறம் பக்கத்து வீட்டுல ஆள் இருந்தா, அவங்க.

வர்ற வழியில முக்குல இஸ்திரி வண்டி போட்டிருக்கானே மாடசாமி, அவன்கிட்ட வழி கேட்டீங்களோ? கேட்டிருப்பீங்க. ஏதாவது சொன்னானா? "டீச்சர் வீட்டுக்கு அடுத்த வீடா"ன்னு ஒரு மாதிரி பார்த்திருப்பானே? பாருங்க, எனக்குத் தெரியும். அவன் அப்படித்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல மாட்டான். பார்ப்பான். மூணு வருஷமா பார்க்கிறான். இதுக்கு அவன் நாலு வார்த்தை திட்டிட்டான்னாக்கூட நிம்மதியா இருக்கும்.

நீங்க அந்த வீட்டுக்குக் குடி வர்றதா இருந்தா நடந்ததை என் வாயால கேட்டுட்டுப் போறதுதான் நல்லது. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நான் நடந்ததை நடந்த மாதிரி சொல்லுறேன்.

அங்க இருந்தவ பேரு பியூலா. சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை. புருஷன் தங்கத்துரை, லாரி ஓட்டுறவன். வடக்கே போனான்னா பத்து நாளைக்கு ஆளைப் பார்க்க முடியாது. பாவம், தனியாத்தான் கிடப்பா. எனக்கு அவ மேல ரொம்பப் பிரியம். அதை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு குழம்பு வச்சா ஒரு கிண்ணம் அவளுக்குப் போகும். என் வீட்டுக்காரர் தவறிப் போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டதே அவ வந்த பிறகுதான்.

என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தார். அந்த ரெண்டு வருஷம் என்னைத் தூக்கி நிறுத்தினது ஜெபம். மருந்து இல்ல, மனுஷங்க இல்ல. ராத்திரி அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குப் பெலன் இருக்காது. கட்டில் பக்கத்துல முழங்கால் போடுவேன். எழுந்திருக்கிறப்போ கையில பெலன் இருக்கும். எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா வந்துச்சு. அதை யாரும் பொய்யின்னு சொல்ல முடியாது. அதுல இருந்து எதுன்னாலும் ஜெபம்தான் எனக்கு. குழாயில தண்ணி வரலையா, ஜெபம். மூக்குக் கண்ணாடியைக் காணோமா, ஜெபம். சிரிக்காதீங்க, ஜெபிச்சு முடிச்சுக் கண்ணைத் திறந்தா தலை மேலேயே இருக்கும்.

பியூலாவுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் வந்து நிக்கா. "டீச்சர், சிலிண்டர் வாசல்லயே வச்சிட்டுப் போயிட்டான். உள்ளே உருட்ட ஒரு கை பிடிங்க"ன்னு. நான் சொன்னேன், "ஏ பிள்ளே, வாயும் வயிறுமா இருக்கிறவ, முதல்ல ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுத் தொடுவோம்." ஜெபிச்சேன். ஒரு பத்து நிமிஷம் ஆயிருக்கும். ஜெபம் ஆரம்பிச்சா எனக்கு நேரம் போறது தெரியாது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தா அவளே உருட்டிக்கிட்டுப் போய் அடுப்படியில வச்சிட்டா. பார்த்தீங்களா, பெலன் வந்துச்சு. நான் அவகிட்டயே சொன்னேன், பெலன் வந்துச்சு பார்த்தியான்னு. அவ முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ஆமா டீச்சர்"ன்னா.

அவளுக்கு முதல்ல ஒண்ணு மூணாம் மாசத்துல கலைஞ்சு போயிருந்தது. அதை என்கிட்ட மட்டும்தான் சொன்னா. ரெண்டாவது தங்கி ஆறாம் மாசம் ஓடிக்கிட்டிருந்தப்போ ஒருநாள் வந்து உக்காந்து அழுதா. "பயமா இருக்கு டீச்சர். இவரும் ஊர்ல இல்ல. திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்?" நான் என்ன சொன்னேன்? "நான் இல்லையா பிள்ளே? ஒரு சுவர்தான் நடுவுல. கதவைத் தட்டு"ன்னு சொன்னேன்.

ஆமாம்மா. நான்தான் சொன்னேன்.

அது கிடக்கட்டும். அந்த வாரம் எங்க சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்துல அவ பேரை ஜெபக்குறிப்புல சேர்த்தேன். நான்தான் காரியதரிசி. குறிப்பை வாசிக்கிறதும் நான்தான். "பியூலா, தங்கத்துரை. முந்தின கர்ப்பம் கலைந்துபோனது. இந்தப் பிள்ளை சுகமாய்ப் பிறக்கும்படியாக." நாப்பது பேர் முன்னால வாசிச்சேன். அவ பின்வரிசையில உக்காந்திருந்தா. கூடவேதான் திரும்பி நடந்தோம். வாசல்ல வந்துதான், "அது உங்களுக்கு மட்டும்னு சொன்னது டீச்சர்"ன்னா. எனக்குப் புரியல. ஜெபக்குறிப்புதானே? நல்லதுக்குத்தானே? நாப்பது பேர் ஜெபிச்சா நல்லதா, ஒருத்தி ஜெபிச்சா நல்லதா? நீங்களே சொல்லுங்க.

லெந்து காலம் வந்துச்சு, ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள். சங்கத்துல சங்கிலி ஜெபம் வைப்போம். உங்க சபையில உண்டா? காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருத்தி முடிக்கிற நிமிஷத்துல அடுத்தவ அவ வீட்டுல ஆரம்பிக்கணும். நாப்பது நாளும் அறுந்து போகக் கூடாது. எனக்கு மூணு மணியில இருந்து நாலு மணி. அந்த நேரம் யாருக்கும் வேண்டாம், தூக்கம் வர்ற நேரம். நானே கேட்டு வாங்கினேன். விதி எல்லாம் எழுதி ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தோம். கதவைச் சாத்தணும். போனை அணைச்சு வைக்கணும். அந்த ஒரு மணி நேரம் யார் வந்தாலும், எது நடந்தாலும் முழங்காலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒரு கண்ணி அறுந்தா பன்னிரண்டு பேர் ஜெபமும் வீணாப் போகும்.

விதியை எழுதினது யாருன்னு கேக்கிறீங்களா? நான்தான். காரியதரிசி வேற யாரு எழுதுவா?

இருபத்தாறு நாள் அறுகல. இருபத்தேழாவது நாள், வியாழக்கிழமை. நல்ல வெயில். இதே மாதிரி வெயில். மூணு மணிக்குக் கதவைச் சாத்தி, போனை அணைச்சு அரிசிப் பானை மூடி மேல வச்சிட்டு முழங்கால் போட்டேன். ஒரு கால்மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் தட்டுற சத்தம்.

யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பகல்ல நூறு பேர் வருவாங்க. பாய் விக்கிறவன் வருவான், பழைய பேப்பர்காரன் வருவான். நான் எழுந்திருக்கல. விதி அது. அப்படித்தான் பாஸ்டர் ஐயாகிட்டயும் சொன்னேன். யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு ஐயா, கவனிக்கலன்னு. அவரும் தலையை ஆட்டிக்கிட்டாரு.

பியூலாவுக்கு ரத்தப்போக்கு. திடீர்னு. ஏழாம் மாசம். ஆட்டோ கூப்பிட ஆள் வேணும், அவ்வளவுதான். நம்ம சந்துக்குள்ள ஆட்டோ வராது, பார்த்தீங்கல்ல? முக்குக்குப் போய்க் கூப்பிடணும். ரெண்டு நிமிஷ நடை. அவளே நடந்து போயிருக்கா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, உக்காந்து, எழுந்து, உக்காந்து. மாடசாமி வண்டி வரைக்கும் போயிட்டா. அங்க விழுந்துட்டா. அவன் என்ன செய்தான்னா, இஸ்திரிப் பெட்டியை ஒரு பேங்க் மேனேஜர் சட்டை மேல வச்சபடியே விட்டுட்டு ஓடி, ஆட்டோவை மறிச்சு, அவனும் கூடவே ஏறிப் போயிட்டான். சட்டை கருகி, கீழே இருந்த கம்பளி கருகி, சந்து முழுக்கப் புகை. அந்தப் புகை வாடை நாலு மணிக்கு நான் கதவைத் திறந்தப்போ வந்துச்சு. யாரோ குப்பையை எரிக்காங்கன்னு நெனச்சேன்.

பிறகு வாசல்படியைப் பார்த்தேன்.

வேண்டாம், அதைச் சொல்ல வேண்டாம். நானே கழுவினேன். மூணு குடம் தண்ணி.

பிள்ளை தங்கல. ஆண் பிள்ளை. ஒரு கால்மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தாப் பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னதா மாடசாமி சொன்னான். அதை என்கிட்ட வந்து ஏன் சொல்லணும்? டாக்டர்கள் ஆயிரம் சொல்லுவாங்க. பிறக்கிறதும் போறதும் மனுஷன் கையிலயா இருக்கு?

நான் ஒண்ணு சொல்லுறேன், கேளுங்க. அன்னைக்கு எனக்கு இருந்த ஜெபக்குறிப்பு எது தெரியுமா? ஒவ்வொரு நாளைக்கும் ஒரு குடும்பம். இந்தா, வேதப்புத்தகத்துக்குள்ளேயே வச்சிருக்கேன் அந்தத் தாளை. படிங்க. இருபத்தேழாம் நாள். படிச்சீங்களா? "பியூலா, தங்கத்துரை." நான் அவளுக்காகத்தான் முழங்கால்ல இருந்தேன்! தூங்கிக்கிட்டா இருந்தேன்? டிவி பார்த்துக்கிட்டா இருந்தேன்? அவளுக்காக, அவ பேரைச் சொல்லி, அவ வயித்துல இருக்கிற பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிச்சேன். "கர்த்தாவே, உம்முடைய அடியாள் பியூலாவையும் அவள் சுமக்கிற பிள்ளையையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். தக்க நேரத்தில் அவளுக்கு ஒத்தாசை அனுப்பும்." இதே வார்த்தை. அவர் கேட்டாரே! மாடசாமியை அனுப்பினாரே! உயிர் பிழைச்சாளே! அதை ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க.

பதினெட்டு நாள் கழிச்சு வீட்டைக் காலி பண்ண வந்தாங்க. தங்கத்துரை லாரியிலேயே சாமானை ஏத்தினான். என் பக்கம் திரும்பல. சிலிண்டரை அவன் ஒரே கையால தூக்கிக்கிட்டுப் போனான். பியூலா கடைசியில சாவியைக் கொடுக்க வந்தா. இந்தச் சாவிதான், இந்தப் பச்சைக் கயிறும் அவ கட்டினதுதான். நான், "உள்ளே வா பிள்ளே, ஒரு வார்த்தை ஜெபிச்சு அனுப்புறேன்"னேன். அவ படியில நின்னுக்கிட்டே சொன்னா, "வேண்டாம் டீச்சர். அன்னைக்கு நீங்க எனக்காக ஜெபிச்சது எனக்குக் கேட்டுச்சு. என் பேரைச் சொன்னீங்க. நல்லாக் கேட்டுச்சு"ன்னா. சொல்லிட்டுப் போயிட்டா.

நன்றியாத்தான் சொன்னா. வேற எதுக்குச் சொல்லணும்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். லெந்து முடிஞ்சு சங்கம் கூடினப்போ ஜெபத்தால கிடைச்சதைச் சாட்சியாச் சொல்லுற நேரத்துல எழுந்து அதைச் சொன்னேன். நாப்பது நாளும் சங்கிலி அறுகல, கடைசி வரைக்கும் அந்தச் சகோதரி என் ஜெபத்தைக் கேட்டதாச் சொல்லிட்டுப் போனான்னு. எல்லாரும் ஆண்டவருக்கு நன்றின்னு ஸ்தோத்திரம் சொன்னாங்க. முன்வரிசையில மேபல் அக்கா இருந்தாங்க, எழுபது வயசு, என் நேரத்துக்கு அடுத்த நாலு மணி அவங்களுக்கு. அவங்க மட்டும் ஸ்தோத்திரம் சொல்லல. என்னையே பார்த்து, "எப்சி, அவளுக்கு உன் சத்தம் கேட்டுச்சுன்னா, உனக்கு அவ தட்டுனது கேட்டுச்சா?"ன்னு கேட்டாங்க.

நாப்பது பேரும் என்னைப் பார்த்தாங்க.

கேக்கலைன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் மூணு மணிக்கு ஆரம்பிச்சுது. முழங்கால் போட்டுக் கண்ணை மூடி, "ஆண்டவரே"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். தட்டுற சத்தம். எழுந்து ஓடித் திறந்தேன். யாரும் இல்ல. வளவு வெறிச்சுன்னு கிடக்கு, குழாயில தண்ணி சொட்டுது. காத்துன்னு நெனச்சேன். அடுத்த நாளும். அடுத்த நாளும். நேரத்தை மாத்திப் பார்த்தேன். காலையில முழங்கால் போட்டாலும் தட்டுது. சாப்பாட்டுக்கு முன்னால கண்ணை மூடினாலும் தட்டுது. தாழ்ப்பாள் ஆடுதுன்னு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து தாழ்ப்பாளையே கழட்டச் சொன்னேன். கதவைத் திறந்தே போட்டேன். மூணு வருஷமா பகல்ல இந்தக் கதவை நான் சாத்துறதே இல்ல, இப்பவும் பாருங்க, திறந்துதான் கிடக்கு. திறந்து கிடக்கிற கதவுல எப்படிம்மா தட்டுற சத்தம் கேக்கும்?

புது பாஸ்டர் ஐயா போன மாசம் தட்டுறவங்களுக்குத் திறக்கிறதைப் பத்தி வர்ற வசனத்தை எடுத்துப் பேசினாரு. பாதியில எழுந்து வந்துட்டேன். கால் மரத்துப் போச்சுன்னு சொல்லிட்டேன். காரியதரிசி வேலையையும் விட்டுட்டேன். முட்டி வலின்னு சொல்லிட்டேன். ஜெபம்தான் எனக்கு எல்லாமேன்னு சொன்னேன்ல, அந்த ஜெபம் இப்ப இல்லம்மா. மூணு வருஷமா நான் ஒரு ஜெபத்தை முழுசா முடிச்சது கிடையாது. என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டா வந்த பெலன், இப்ப எங்க போய்க் கேட்பேன்?

அவளைப் போய்ப் பார்த்தீங்களான்னா கேக்கிறீங்க? சாத்தான்குளத்துலதான் இருக்காளாம். பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரம். விலாசம்கூட வச்சிருக்கேன், இந்தா, இதே தாளுக்குப் பின்னாலதான் எழுதியிருக்கேன். போகல. போய் என்ன சொல்ல? ஆனா அவளுக்காக தினமும் ஜெபிக்கணும்னுதான் உக்காருறேன். அவ பேரைச் சொல்ல ஆரம்பிச்சா உடனே தட்டிருது.

பக்கத்து வீட்டுல அவளுக்கு அப்புறம் ரெண்டு குடும்பம் வந்து இருந்துட்டுப் போயிட்டாங்க. தண்ணி சரியில்லன்னு சொன்னாங்க. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்லுறேன்னு தெரியல. நீங்க உள்ளே வந்து தண்ணிச் சொம்பை வாங்கினப்போ அந்த வளையல் சத்தம் கேட்டுச்சு. அதனாலயா இருக்கும்.

அவளும் வளையல் போட்டிருந்தா. அவங்க அம்மா வந்து ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையல் அடுக்கிட்டுப் போயிருந்தாங்க. அன்னைக்குத் தட்டினப்போ முதல்ல மெதுவாத் தட்டினா, மூணு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் வளையல் சத்தம். பிறகு உள்ளங்கையால தட்டினா. "டீச்சர்"ன்னா. ரெண்டு தடவை சொன்னா. "டீச்சர், டீச்சர்."

கேட்டுச்சும்மா. அவதான்னு தெரியும். பாய்க்காரன் வளையலா போட்டிருப்பான்? எனக்கு அப்ப மனசுல ஓடினது என்ன தெரியுமா? இருபத்தாறு நாள் அறுகல, இன்னைக்கு என்னால அறுந்துச்சுன்னா நாலு மணிக்கு மேபல் அக்காகிட்ட என்ன சொல்லுவேன்னுதான் ஓடுச்சு. அதனால சத்தத்தைக் கூட்டினேன். அவ தட்டத் தட்ட நான் சத்தமா ஜெபிச்சேன். அவ பேரைச் சொல்லி. அதான் அவளுக்கு வெளியில கேட்டிருக்கு. கொஞ்ச நேரத்துல தட்டுறது நின்னுடுச்சு. நின்னதும் நான் ஸ்தோத்திரம்னு சொன்னேன். சாமி, நான் ஸ்தோத்திரம்னு சொன்னேன்.

மணி என்ன ஆச்சு? ரெண்டு அம்பதா. வீட்டைக் காட்டுறேன், கண்டிப்பாக் காட்டுறேன். நல்ல வீடு, காத்து வரும். நீங்க வந்துடுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தா எனக்குப் போதும். எழுந்திருக்காதீங்க. பயந்துட்டீங்களா? பயப்படாதீங்க. எனக்கு ஒரே ஒரு காரியம் செய்யணும் நீங்க. ஒரு அஞ்சு நிமிஷம். பைத்தியம்னு நெனச்சாலும் பரவாயில்ல.

நான் இந்தக் கதவைச் சாத்துறேன். மூணு வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குப் பகல்ல சாத்துறேன். அந்த இடத்துலேயே முழங்கால் போடுறேன். நீங்க வெளியில போய்ப் படியில நில்லுங்க. மூணு மணி அடிச்சதும் தட்டுங்க. நிஜமாவே தட்டுங்க. அந்த வளையல் போட்ட கையாலயே தட்டுங்க. நான் எழுந்து வந்து திறக்கிறேன். திறந்தா வெளியில ஒரு ஆள் நிக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

முட்டி வலி மட்டும் பொய் இல்லம்மா. எனக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும். சத்தம் வரலையேன்னு நெனச்சுக்காதீங்க, எழுந்து வந்துக்கிட்டுத்தான் இருப்பேன். தட்டிக்கிட்டே இருங்க. நான் வர்றதுக்குள்ள போயிடாதீங்க.